சுண்ணாம்பு கேட்டால் சாதி கேட்கிறது

பதினோரு ஆண்டுகள் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்கு ஒருமுறைகூட வெள்ளையடிக்கவில்லை. நாங்கள் காலி செய்த பத்தே நாளில் அடித்துவிட்டார்கள். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

அம்பத்தூர் பக்கம் முதல் மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை. 2012 ஜூனில் குடிபோனோம். வாடகை 6,500 ரூபாய். அட்வான்ஸ் பத்து மாத வாடகை. அதற்கு முன் ஒன்பது வீடு பார்த்திருந்தோம். "நீங்க என்ன ஆளுங்க?" என்று நேரடியாகக் கேட்டவர்கள் இரண்டு பேர்தான். மற்றவர்கள் நாகரிகமானவர்கள். சொந்த ஊர் எது, ஊரில் எந்தத் தெரு, குலதெய்வம் எது, நான்-வெஜ் சாப்பிடுவீர்களா, சாப்பிட்டால் என்ன நான்-வெஜ் என்று சுற்றிச் சுற்றி வந்தார்கள். பத்தாவதாகப் பார்த்த இந்த வீட்டின் ஓனர் கேட்டது இரண்டே கேள்வி: எத்தனை பேர், வேலை நிரந்தரமா? அப்பா அரசு ஊழியர் என்றதும் சாவியைக் கொடுத்துவிட்டார். அன்று இரவு அம்மா, "நல்ல மனுஷன்" என்றார். சாதி கேட்காதவரே நல்ல மனிதர் என்ற அளவுக்கு எங்கள் எதிர்பார்ப்பு தேய்ந்திருந்தது.

குடிபோனபோதே சுவர்கள் பழசுதான். முந்தைய குடும்பத்துக் குழந்தையின் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகள் சமையலறைக் கதவோரம் அப்படியே இருந்தன. எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தது. "பொங்கலுக்கு அடிச்சித் தந்துடறேன்" என்றார் ஓனர். எந்தப் பொங்கல் என்று நாங்கள் கேட்கவில்லை. அந்தப் பென்சில் கோடுகளை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

2014இல் பொறியியல் கலந்தாய்வில் எனக்கு இடம் கிடைத்தது. கீழ்வீட்டு அம்மா, அதாவது ஓனரின் மனைவி, வாழ்த்திவிட்டு, "கட்-ஆஃப் எவ்வளவும்மா? எந்தக் காலேஜ்?" என்று கேட்டார். தமிழ்நாட்டில் இந்த இரண்டு விடையும் தெரிந்தால் போதும், மூன்றாவது விடை தானே வந்துவிடும். பதினேழு வயதில் எனக்கு அது புரியவில்லை. சந்தோஷத்தில் இரண்டையும் சொன்னேன்.

மறுநாள் யாரும் எங்களைக் காலி செய்யச் சொல்லவில்லை. அப்படியெல்லாம் சினிமாவில்தான் நடக்கும். நடந்தது வேறு. "வாங்க சார்" என்று அப்பாவை அழைத்துக்கொண்டிருந்த, அப்பாவைவிட ஆறு வயது இளையவரான ஓனர், "என்னப்பா" என்று அழைக்க ஆரம்பித்தார். கீழ்வீட்டிலிருந்து கொழுக்கட்டையும் சுண்டலும் மேலே வருவது தொடர்ந்தது. அம்மா அனுப்பும் தட்டு மட்டும் "இன்னைக்கு விரதம்மா" என்று திரும்பி வரத் தொடங்கியது. அந்த வீட்டில் ஆண்டு முழுவதும் விரதம்.

2015 டிசம்பர் மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். மொட்டைமாடித் தளம் வழியாக எங்கள் சுவருக்குள் நீர் இறங்கியது. பொங்கலுக்குள் படுக்கையறைச் சுவர் முழுக்க ஓதம் ஏறி, உப்புப் பூத்து, காரை பெயர்ந்து, கட்டில் மேல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. மூலையில் கருப்பாகப் பூஞ்சை படர்ந்தது. தம்பிக்கு ஏற்கெனவே வீசிங். மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, "வீட்டுச் சுவர்ல ஈரம் இருக்கா?" என்பதுதான். அப்பா கீழே போய்ச் சொன்னார். "மழை ஊருக்கே பெஞ்சுது. உனக்கு மட்டுமா பெஞ்சுது?" என்று பதில் வந்தது. அந்த ஜூனிலும் வாடகை வழக்கம்போல 750 ரூபாய் ஏறியது. ஏறுவதற்கு அது ஒருபோதும் பொங்கலுக்காகக் காத்திருந்ததில்லை.

2018இல் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. அவர் பெயின்டர். அண்ணா நகரிலும் அடையாறிலும் அவர் பட்டி பார்த்துப் பளபளப்பாக்கிய வீடுகள் நூற்றுக்கு மேல் இருக்கும். சொந்த அக்கா வீட்டுச் சுவரைப் பார்த்து அவர் முகம் சுருங்கிப் போனது. அப்பாவையும் கூட்டிக்கொண்டு நேராகக் கீழே போனார். "சார், எனக்குக் கூலி வேண்டாம். ஒன்பதாயிரத்துக்குச் சாமான் வாங்கிக் கொடுங்க. ரெண்டே நாள்ல முடிச்சித் தரேன்" என்றார். அப்போது எங்கள் ஒரு மாத வாடகை 11,000. ஓனர் அசையவில்லை. "சாமானும் நாங்களே வாங்கிக்கிறோம்" என்று அப்பா இறங்கினார். அதற்கு வந்த பதிலை மாமா இன்றும் சொல்லிச் சொல்லி மாய்ந்து போவார்: "இன்னைக்கு நீயே கலரடிப்ப. நாளைக்கு வீடே உன்னுதும்பே. உங்க ஆளுங்களுக்கு இப்பல்லாம் சட்டம் நல்லாத் தெரியுது."

அதுவரை "நீங்கள்", "நீ" என்று இறங்கிக்கொண்டிருந்தது, அன்று "உங்க ஆளுங்க" என்ற இடத்துக்கு வந்து நின்றது. சுண்ணாம்பு கேட்கப் போன இடத்தில் சாதி கிடைத்தது.

உண்மையில் எங்களுக்குச் சட்டம் தெரியாது. பிறகுதான் தெரிந்துகொண்டேன். வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு அரசு 2017இல் ஒரு சட்டம் இயற்றியது. 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில் அது 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் இரண்டாவது அட்டவணை யார் எதைப் பராமரிக்க வேண்டும் என்று பட்டியல் போடுகிறது. குழாய் வாஷர், சுவிட்ச், தாழ்ப்பாள், ஜன்னல் கண்ணாடி போன்றவை வாடகைதாரர் பொறுப்பு. கட்டடத்தின் பெரிய பழுதுகள், சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னல்களுக்கு வண்ணம் பூசுவது, மின் வயரிங் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் ஒழிய, இதுதான் நிலை. உரிமையாளர் மறுத்தால் வாடகைதாரரே வேலையை முடித்து, செலவை வாடகையில் கழித்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது, அவ்வளவுதான். வேறு ஒப்பந்தம் இல்லாதவரை அட்வான்ஸும் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது.

படித்ததும் எனக்குப் புல்லரித்தது. 2021இல் ஓனருக்கு ஒரு கடிதம் எழுதி அப்பாவிடம் கையெழுத்துக் கேட்டேன். அப்பா இரண்டு முறை படித்தார். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "சட்டம் நம்ம பக்கம்தாம்மா இருக்கு. வீடு அவர் பக்கம் இருக்கே."

அப்பாவைக் கோழை என்று அன்று நினைத்தேன். இன்று நினைக்கவில்லை. அந்தச் சட்டத்தின்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். எங்களிடம் பதினோரு மாதத்துக்கு எழுதி, எப்போதோ காலாவதியான முத்திரைத் தாள் ஒன்றுதான் இருந்தது. புதிதாக எழுதலாம் என்று கேட்டபோதெல்லாம் "நமக்குள்ள எதுக்குப் பேப்பர்?" என்று மறுத்தவர் ஓனர். அதே சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லை என்பதையே காரணம் காட்டி, வீட்டைத் திரும்ப ஒப்படைக்கச் சொல்லி உரிமையாளர் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். காகிதம் கொடுக்க மறுப்பவர் அவர், காகிதம் இல்லாததற்காகத் தெருவுக்கு வர வேண்டியவர்கள் நாங்கள். அப்பா இந்தப் பிரிவைப் படித்ததில்லை. வாழ்க்கை அவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருந்தது.

அதோடு அவருக்கு அந்த ஒன்பது வீடுகளும் நினைவில் இருந்தன. ஒரு கோட் வெள்ளை கேட்பதன் விலை, மீண்டும் ஒன்பது வாசல்களில் நின்று குலதெய்வத்தின் பெயர் சொல்வது.

இந்த இடத்தில் என் நண்பர்கள் சிலர் குறுக்கிடுவார்கள். "எல்லா வாடகைதாரருக்கும் இதே கதிதான். ஓனர் கஞ்சத்தனத்துக்கும் சாதிக்கும் என்ன சம்பந்தம்? எதற்கெடுத்தாலும் சாதியா?" என்பார்கள். நியாயமான கேள்விதான், மழுப்பாமல் பதில் சொல்கிறேன்.

கஞ்ச ஓனர்கள் எல்லாச் சாதிக்கும் கிடைப்பார்கள். ஆனால் அந்தக் கஞ்சத்தனத்தை எதிர்கொள்ளும் வழி எல்லாச் சாதிக்கும் ஒன்றல்ல. என்னோடு படித்த ஆதிக்கச் சாதித் தோழி ஒருத்தியின் வீட்டிலும் சுவர் இப்படித்தான் இருந்தது. அவள் அப்பா ஓனரிடம் சத்தம் போட்டார். "அடிக்க முடியாதுன்னா அட்வான்ஸ எடு, அடுத்த தெருவுல ஆயிரம் வீடு இருக்கு" என்றார். ஓனர் அடித்துக் கொடுத்தார். வாடகைச் சந்தையில் குடியிருப்பவரின் ஒரே ஆயுதம் "போய்விடுவேன்" என்ற அந்தச் சொல்தான். யாருக்கு அடுத்த தெருவில் ஆயிரம் வீடு இருக்கிறதோ, அவர் சொன்னால்தான் அந்தச் சொல்லுக்குக் கூர்மை. எங்களுக்கு அடுத்த தெருவில் இருந்தது வீடு அல்ல, விசாரணை. இது ஓனருக்கும் தெரியும். பதினோரு ஆண்டுகள் எங்கள் சுவரை உரியவிட்ட தைரியம் அவருக்கு அங்கிருந்துதான் வந்தது.

இது என் கற்பனை இல்லை. சுகதேவ் தோரட்டும் அவரது குழுவினரும் டெல்லியிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் வாடகை வீடு தேடுபவர்களைப் போலத் தொலைபேசியிலும் நேரிலும் கேட்டுப் பார்த்து, 2015இல் ஆய்வாக வெளியிட்டார்கள். ஆதிக்கச் சாதிப் பெயர் சொன்னவர்களுக்குத் திறந்த கதவுகள் தலித்துகளுக்கும் முஸ்லிம்களுக்கும் மூடிக்கொண்டன. வீடு கிடைத்தவர்களிலும் சிலர் கூடுதல் வாடகைக்கும் கூடுதல் நிபந்தனைகளுக்கும் தலையாட்டித்தான் உள்ளே போக முடிந்தது. கூடுதல் நிபந்தனை என்றால் என்ன? எதையும் கேட்காதே என்பதுதான்.

அதற்கும் முன்னால் போவோம். 1917. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடா சமஸ்தானத்தில் வேலைக்கு வந்த அம்பேத்கருக்கு அந்த ஊரில் தங்க இடமில்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயர் சொல்லித் தங்கினார். பதினோராம் நாள் கையில் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து அவரை வெளியேற்றியது. நண்பர்கள் வீடும் கிடைக்கவில்லை. பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு பம்பாய்க்கு ரயிலேறினார். உலகின் பெரும் பல்கலைக்கழகங்கள் கதவைத் திறந்த மனிதருக்கு ஒரு வாடகை அறைக்கதவு திறக்கவில்லை. நூறு ஆண்டுகளில் எங்கள் நிலை முன்னேறியிருக்கிறது என்பது உண்மைதான். தடி போய்விட்டது. "வெஜிடேரியன் ஒன்லி" என்ற போர்டு வந்திருக்கிறது.

"அப்படியானால் வழக்குப் போடுங்கள், சட்டம் இருக்கிறதே" என்பது அடுத்த அறிவுரை. இருக்கிறது. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமையின் பேரில் ஒருவர் எந்தப் பகுதியிலும் வீட்டில் குடியிருப்பதைத் தடுப்பது குற்றம் என்கிறது. ஆனால் எந்த ஓனர் "உன் சாதிக்காக வீடு இல்லை" என்று எழுதிக் கொடுக்கிறார்? "சொந்தக்காரங்க வர்றாங்க" என்பார். "அட்வான்ஸ் வாங்கிட்டேன்" என்பார். அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம், சாலை என்று பெயர் சொல்லிப் பாகுபாட்டைத் தடுக்கிறது. தனியார் வாடகை வீடு அந்தப் பட்டியலில் இல்லை. 2005இல் குஜராத்தின் பார்சி வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் தொடர்பான வழக்கில், தங்கள் சமூகத்தாருக்கு மட்டுமே உறுப்பினர் உரிமை என்று வைத்துக்கொள்வது செல்லும் என உச்ச நீதிமன்றமே சொன்னது. வீடு என்று வரும்போது நம் ஜனநாயகம் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, வெளியிலேயே நின்றுவிடுகிறது.

இன்னொரு வாதமும் உண்டு. "வீட்டுக்காரரும் சாதாரண மனிதர்தான், வாடகையை நம்பி வாழ்பவர், செலவு செய்ய அவரிடம் ஏது பணம்?" கணக்குப் பார்ப்போம். 6,500இல் தொடங்கி, ஆண்டுக்கு 750 ஏறி, 14,000இல் முடிந்தது. பதினோரு ஆண்டுகளில் நாங்கள் கொடுத்த வாடகை மொத்தம் 13,53,000 ரூபாய். மாமா கேட்டது 9,000. அம்மாவின் ஊரில், சேரியில், என் பாட்டிக்கு இருந்தது ஒரு மண் சுவர் வீடு. பாட்டி கூலி வேலை செய்தவர். ஒவ்வொரு போகிக்கும் முன்னால் கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கிவந்து, தொட்டியில் ஊறவைத்து, கொஞ்சம் நீலமும் கலந்து, அவரே மட்டை கட்டி அடிப்பார். ஒரு வருடம்கூடத் தவறியதில்லை. நாள் கூலியில் பாட்டியால் முடிந்தது, பதின்மூன்றரை லட்சத்தில் ஓனரால் முடியவில்லை. அம்மா இதைச் சொல்லி அழுதது ஒரே ஒருமுறைதான்: "ஊர்ல நம்ம குடிசை வெள்ளையா இருந்துச்சு. பட்டணத்துக்கு வந்து இருட்டுல உக்காந்திருக்கேன்."

அந்தச் சுவரில் ஆணி அடிக்கவும் எங்களுக்கு அனுமதியில்லை. காரை பெயருமாம். தானாகப் பெயரலாம், நாங்கள் பெயர்க்கக் கூடாது. அப்பா ஓய்வுபெற்றபோது சங்கத்துத் தோழர்கள் சட்டம் போட்ட அண்ணல் படம் ஒன்றைப் பரிசளித்தார்கள். அது பீரோவுக்குள், புடவைகளுக்கு நடுவில் இருந்தது. ஆணிதான் காரணம் என்று நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். ஆணி மட்டும் காரணமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

2023 மே மாதம் என் வேலை காரணமாகச் சிறுசேரிப் பக்கம் மாறினோம். பத்து நாள் கழித்து அட்வான்ஸ் வாங்க நானும் அப்பாவும் போனோம். மாடிக் கதவு திறந்திருந்தது. நிலைப்படியில் மஞ்சள் பூசி, மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது. உள்ளே ஹோமம் நடந்த இடத்தில் செங்கற்கள் இன்னும் கிடந்தன. சுவர் முழுக்கப் புது எமல்ஷன், இளமஞ்சள் நிறம். பெயின்ட் வாடையும் சாம்பிராணி வாடையும் சேர்ந்து வந்தன. கருப்புப் பூஞ்சை படர்ந்த மூலையை நான் தேடிப் பார்த்தேன். அடையாளமே இல்லை. பட்டி பார்த்து அருமையாக அடித்திருந்தார்கள்.

"புதுசா ஆள் வர்றாங்க, அதான் பூஜை போட்டோம்" என்றார் கீழ்வீட்டு அம்மா. எல்லோருக்கும் செய்வதுதான் என்று நீங்களும் சொல்லக்கூடும். இப்போது அந்தப் பென்சில் கோடுகளுக்கு வருவோம். எங்களுக்கு முன்னால் இருந்த குடும்பம் காலி செய்தபோது அடிக்கவில்லை. அவர்கள் குழந்தையின் உயரம் அப்படியே சுவரில் இருந்தது. பூஜையும் போடவில்லை. நாங்கள் பார்த்த மறுவாரமே சாவி கொடுத்தார்கள். எங்களுக்குப் பிறகுதான் அந்த வீட்டுக்குத் தீட்டுக் கழிக்க வேண்டியிருந்தது.

அந்த வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பணமும் ஆளும் எப்போதும் இருந்தன. நாங்கள் குடியிருந்ததுதான் தடை.

ஓனர் கணக்குத் தாளை நீட்டினார். 65,000 அட்வான்ஸ். கழிவு: "பெயின்டிங் செலவுக்கு ஒரு மாத வாடகை, 14,000". மீதி 51,000. பதினோரு ஆண்டுகள் எங்களுக்கு அடிக்காத வெள்ளைக்கு, எங்களைக் கழுவிவிட அடித்த வெள்ளைக்கு, நாங்களே பணம் கொடுத்தோம். அப்பா எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார். படியிறங்கும்போது, "போகட்டும்மா" என்றார். இதை எழுதுவதே அது போகக் கூடாது என்பதற்காகத்தான்.

அந்த ஓனர் பார்ப்பனர் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். சமூகநீதி பேசும் கட்சியின் காலண்டர் அவர் ஹாலில் தொங்கும். இடஒதுக்கீட்டில் படித்துதான் அவர் மகன் வேலைக்குப் போனான். மேலே இருப்பவனிடம் சமத்துவம் கேட்டு, கீழே இருப்பவனுக்குச் சுவரை மறுக்கும் இந்த இரட்டை வாழ்க்கையைப் பேசாமல் தமிழ்நாட்டில் சாதி ஒழிப்பு பேசுவது, ஓதம் ஏறிய சுவரின் மேலேயே பெயின்ட் அடிப்பது போன்றது. அடுத்த மழைக்கு உரிந்துவிடும்.

என்ன செய்யலாம்? அரசிடம் கேட்க வேண்டியவை தெளிவானவை. வாடகை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவுசெய்யும் கடமை உரிமையாளருடையது என்றும், செய்யாவிட்டால் தண்டம் அவருக்குத்தான் என்றும் சட்டம் மாற வேண்டும். ஒப்பந்தம் இல்லை என்ற காரணத்துக்காகக் குடியிருப்பவரை வெளியேற்றும் வழி அடைக்கப்பட வேண்டும். எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை வெள்ளையடிக்க வேண்டும் என்று விதியில் எண் இருக்க வேண்டும். சாதி, மதம், உணவு பார்த்து வீடு மறுப்பதை, சாக்குப்போக்குகளையும் சேர்த்துத் தண்டிக்கும் தனிச் சட்டம் வேண்டும். குடியிருக்கும் தோழர்கள் சுவரைத் தேதியோடு படமெடுத்து வையுங்கள். கோரிக்கையை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் அனுப்புங்கள். கையெழுத்துப் போடுமுன் வெள்ளையடிப்பு யார் தலையில் எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். தனியாகக் கேட்டால் "உங்க ஆளுங்க" என்பார்கள். ஒரே கட்டடத்தின் நான்கு குடும்பங்களும் சேர்ந்து கேளுங்கள்.

ஆனால் இதைப் படிக்கும் உங்களில் பலர் வாடகைதாரர்கள் அல்ல, வாடகைக்கு விடுபவர்களின் பிள்ளைகள் என்பது எனக்குத் தெரியும். நீலச் சட்டை போட்டு ஏப்ரல் 14க்கு ஸ்டேட்டஸ் வைப்பவர்கள்தான் நீங்கள். உங்கள் வீட்டு மாடிப் போர்ஷனில் யார் இருக்கிறார்கள்? கடைசியாக அதற்கு எப்போது வெள்ளையடித்தது? "டூ-லெட்" போர்டைப் பார்த்துத் தொலைபேசியில் அழைப்பவர்களிடம் உங்கள் அப்பா என்னென்ன கேட்கிறார்? இன்று இரவு சாப்பிடும்போது அவரிடம் கேளுங்கள். சாதி ஒழிப்பின் கடினமான கூட்டம் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் நடக்க வேண்டியிருக்கிறது. அங்கே எங்களுக்கு நாற்காலி இல்லை. உங்களுக்கு இருக்கிறது.

புது வீடும் வாடகை வீடுதான். குடிபோகும் முன்பே, சுவர் அடித்துக் கொடுத்தால்தான் வருவோம் என்று சொன்னேன். மாமாவே வந்து அடித்தார். முழுக் கூலி வாங்கிக்கொண்டு, ஓனர் பணத்தில். வெள்ளை காய்ந்த அன்று அப்பா முதல் வேலையாக ஒரு ஆணி அடித்தார்.